பிக்கப் ட்ரக்கா, மினிவேனா? ஹூட் உசரத்தை வச்சு ஒரு கணக்கு

அமெரிக்கால வீடு வாங்கி பிள்ளைங்களோட செட்டில் ஆன நம்ம ஆளுங்க மத்தியில இப்ப அடிக்கடி காதுல விழுறது "அடுத்த வண்டி ட்ரக் தான் மச்சான்". காரணம் கேட்டா வரிசையா வரும், செடிக்கடில பரப்பற மல்ச் மூட்டை தூக்கணும், ஃபர்னிச்சர் ஏத்தணும், பனில மாட்டிக்கக் கூடாது, என்னைக்காவது கேம்பர், அதான் பின்னாடி கோத்து இழுக்கற குட்டி வீடு, வாங்கினாலும் வாங்குவோம். எல்லாம் சொல்லி முடிச்சிட்டு கடைசில ஒன்னு சொல்வாங்க பாருங்க, பெரிய வண்டின்னா குடும்பத்துக்கு சேஃப். மத்ததெல்லாம் அவங்கவங்க ஆசை, அதுல நான் தலையிடல. அந்தக் கடைசி காரணம் தான் உறுத்துது. சேஃப் சரி, யாருக்குன்னு கேட்டா பதில் சிக்கலா இருக்கு, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கே கூட நாம நினைக்கற அளவுக்கு இல்ல.

அதனால மைலேஜ், ரீசேல், டச் ஸ்க்ரீன் சைஸ் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு ரோட்டுல யாருக்கு என்ன ஆகும்ங்கற கோணத்துல இருந்து மட்டும் ஒப்பிட்டுப் பாக்கலாம். நம்ம முன்னாடி இருக்கற சாய்ஸ் நாலு தான். ஃபுல் சைஸ் பிக்கப், அதாவது எஃப்-150, சில்வரடோ, ராம் 1500 வகையறா. மிட்சைஸ், டகோமா, ரேஞ்சர், கொலராடோ. சின்ன பிக்கப், ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சாண்டா க்ரூஸ். நாலாவது மினிவேன் ஒன்னு வாங்கி வச்சுக்கிட்டு தேவைப்படுற அன்னைக்கு மட்டும் ட்ரக் வாடகைக்கு எடுக்கறது. எஃப்-250 மாதிரி ஹெவி ட்யூட்டி வண்டியெல்லாம் கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலை, குதிரை ட்ரெய்லர்னு இருக்கறவங்களுக்கு, ஆஃபீஸ் போயிட்டு வர அது எதுக்குன்னு எனக்கு சத்தியமா புரியல.

முதல்ல உசரம். 2009-ல அமெரிக்கா முழுக்க வண்டி மோதி செத்த பாதசாரிங்க சுமார் 4,100 பேர், 2022-ல அது 7,500-ஐ தாண்டிடுச்சு. இதுக்கு வண்டி சைஸ் மட்டும் காரணம்னு யாரும் சொல்லல, ரோடு டிசைன், வேகம், ராத்திரி வெளிச்சம், ஃபோன், எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா சைஸோட பங்கு என்னன்னு இப்ப ஓரளவு தெளிவாவே தெரியுது. இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசு போட்டு நடத்தற ஐஐஹெச்எஸ் அமைப்பு 2023 நவம்பர்ல கிட்டத்தட்ட 18,000 பாதசாரி விபத்துகளை அலசி ஒரு ஆய்வு விட்டாங்க. ஹூட்டோட, அதாவது பானெட்டோட, முன் விளிம்பு 40 இன்ச்க்கு மேல இருக்கற வண்டி மோதினா, 30 இன்ச்சோ அதுக்குக் கீழயோ இருந்து மூக்கு சரிவா இறங்கற வண்டிய விட சாவு நடக்கற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடன்னு வந்துச்சு. 30-க்கும் 40-க்கும் நடுவுல இருந்தாலும் மூக்கு சுவர் மாதிரி நேரா நின்னா சுமார் 26 சதவீதம் கூட. ஹவாய் பல்கலைக்கழகத்துல ஜஸ்டின் டிண்டல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் தனியா வேற டேட்டா வச்சு பாத்து 2024-ல வெளியிட்டதுலயும் இதே கதை தான், முன்பக்கம் 10 சென்டிமீட்டர் உசந்தா பாதசாரி சாகற ஆபத்து 22 சதவீதம் ஏறுது.

ஏன் இப்படி ஆகுதுன்னா விஷயம் ரொம்ப சாதாரணம். தாழ்வான கார் மோதினா முதல்ல கால்ல அடி விழும், ஆள் மடங்கி ஹூட் மேல உருண்டு விழுவார், எலும்பு உடையும் ஆனா பிழைக்க வாய்ப்பு இருக்கு. உசரமான ட்ரக் மோதினா முதல் அடியே இடுப்புலயோ நெஞ்சுலயோ தான், ஆள் மேல ஏற மாட்டார், முன்னாடி தூக்கி எறியப்படுவார், இல்லைன்னா அப்படியே வண்டிக்கு அடில போயிடுவார். அது பெரியவங்களுக்கு. நாலு வயசு குழந்தையோட சராசரி உசரமே 40 இன்ச் பக்கம் தான், அப்ப அந்த 40 இன்ச் ஹூட் எங்க மோதும்னு நீங்களே பாத்துக்கோங்க. பொருட்கள சோதிச்சுப் பாத்து எழுதற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அளந்தப்ப 2017 எஃப்-250 ஹூட்டோட முன் விளிம்பு தரைல இருந்து 55 இன்ச்ல இருந்துச்சு, சில செடான் காரோட கூரையே அவ்ளோ தான், பத்து வயசுப் பிள்ளை முன்னாடி நின்னா டிரைவருக்கு உச்சந்தலை தெரிஞ்சாலே பெருசு.

ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியறது. இத பத்தி நம்மாளுங்க பேசறதே இல்ல, "உசரத்துல உக்காந்தா ரோடு நல்லா தெரியுது"ன்னு தான் சொல்வாங்க. தூரத்துல தெரியும், உண்மை தான். பக்கத்துல தெரியாது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அளந்ததுல சில ட்ரக்குக்கு முன்னாடி இருக்கற பிளைண்ட் ஸ்பாட் சில செடான விட 11 அடி நீளமா இருந்துச்சு. பதினோரு அடின்னா நம்ம வீட்டு டிரைவ்வேல பாதி. ரிவர்ஸ் கேமரா 2018 மே மாசத்துல இருந்து எல்லா புது வண்டிக்கும் கட்டாயம், அதனால பின்னாடி இப்ப பரவால்ல. முன்பக்க கேமராக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது, அது மேல் ட்ரிம்ல, அதாவது அதே மாடலோட விலை கூடின வேரியன்ட்ல, காசு குடுத்து வாங்கற ஐட்டம்.

இன்னொன்னு, திருப்பத்துல. சிக்னல்ல லெஃப்ட் எடுக்கறீங்க, முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு தூண் இருக்கு பாருங்க, ஏ பில்லர், வண்டி உருண்டாலும் கூரை நசுங்காம இருக்கணும்னு அத வர வர தடியா போடறாங்க, நல்லதுக்கு தான். ஆனா நீங்க ஸ்டியரிங்க வளைச்சு மெதுவா திரும்பற அதே நேரத்துல கிராஸ்வாக்ல ஒருத்தர் நடந்து வந்தா, உங்க திருப்பமும் அவர் நடையும் சரியா ஒத்துப்போயிட்டா அந்த மூணு நாலு செகண்டும் அவர் அந்தத் தூணுக்குப் பின்னாடியே மறைஞ்சு வருவார், தலைய முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாத்தா தான் தெரியும். 2022-ல ஐஐஹெச்எஸ் பாத்தது என்னன்னா, இன்டர்செக்‌ஷன்ல ரோடு கிராஸ் பண்றவர் செத்த விபத்துகள்ல வண்டி நேரா போகாம லெஃப்ட் திரும்பிக்கிட்டு இருந்துச்சுங்கற வாய்ப்பு காரோட ஒப்பிட்டா எஸ்யூவிக்கு ரெண்டு மடங்கு, வேன் மினிவேனுக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு, பிக்கப்புக்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு. மினிவேனும் இதுல மாட்டுது, கவனிச்சீங்களா. அதனால மினிவேன் ஓட்டற நாங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரல.

சரி, உள்ள இருக்கறவங்களுக்கு? எடை கூடினா சேஃப்ங்கறது பழைய கணக்கு. ரொம்ப சின்ன கார்ல இருந்து நடுத்தர எடைக்கு வந்தா பலன் இருக்கு, மறுக்கல. ஆனா ரோட்டுல ஓடற வண்டிங்களோட சராசரி எடைய தாண்டினதுக்கு அப்புறம் ஏத்தற ஒவ்வொரு பவுண்டும் சொந்த ஆளுங்களுக்குப் பெருசா உதவறதில்ல, எதிர்ல வர்ற சின்ன வண்டிக்காரருக்கு தான் ஆபத்த ஏத்துதுன்னு 2025-ல ஐஐஹெச்எஸ் சொல்லிடுச்சு. ஒரு ஹோண்டா ஒடிஸியோ டொயோட்டா சியன்னாவோ ஏற்கனவே 4,500 பவுண்டு சுத்தி தான் இருக்கு. குழந்தைங்களுக்காக தான் ட்ரக் வாங்கறேன்ங்கற வாதம் இங்கேயே பாதி போச்சு.

வண்டி ஏன் இவ்ளோ வளர்ந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன், சாய்ஸ் ஏன் குறைவா இருக்குன்னு அப்ப தான் புரியும். வெளிநாட்டுல இருந்து வர்ற சின்ன பிக்கப்புக்கு 1964-ல இருந்து 25 சதவீத வரி, ஐரோப்பாக்காரன் அமெரிக்கக் கோழி மேல வரி போட்டதுக்கு பதிலடியா ஆரம்பிச்சது, அதனால சிக்கன் டாக்ஸ்னே பேரு, இன்னும் போகல. மைலேஜ் ரூல் வேற வண்டியோட நாலு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற பரப்பளவ வச்சு கணக்கு போட ஆரம்பிச்சுச்சு, பரப்பு கூடக்கூட டார்கெட் தளர்வு, அப்புறம் எந்தக் கம்பெனி சின்னதா செய்வான். ஃபோர்டு அந்தக் குட்டி ரேஞ்சர இங்க 2011-ஓட நிறுத்திட்டு 2019-ல திருப்பிக் கொண்டு வந்தப்ப அது குட்டியா இல்ல. சொந்த பிசினஸ் வச்சிருக்கறவங்களுக்கு மொத்த எடை ரேட்டிங் 6,000 பவுண்டுக்கு மேல இருந்தா டாக்ஸ்ல நல்லா கழிச்சுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, ரியல் எஸ்டேட் ஏஜென்ட் எல்லாம் ஏன் அவ்ளோ பெரிய வண்டில வர்றாங்கன்னு யோசிச்சிருந்தீங்கன்னா அதுவும் ஒரு காரணம். இவ்ளோ வளர்ந்ததுல வேடிக்கை என்னன்னா வளர்ந்தது பெட், அதாவது பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி, இல்ல. 1961 எஃப்-100-ல நீளத்துல 64 சதவீதம் பெட், 36 சதவீதம் கேபின். 2021 எஃப்-150-ல அப்படியே தலைகீழ், கேபின் 63. நாலு கதவு கேபின் வேணும்னா அஞ்சரை அடி பெட் தான் அதிகமா விக்குது, அந்தப் பெட்டும் இவ்ளோ உசரத்துக்குப் போனதால பக்கத்துல நின்னு கைய விட்டு சாமான் எடுக்க முடியல, அதுக்கு டெயில்கேட்ல மடிக்கற படிக்கட்டு வச்சு அதையும் ஒரு ஃபீச்சர்னு விக்கறாங்க.

இப்ப ஒவ்வொன்னா.

ஃபுல் சைஸ். இது தப்பான வண்டின்னு சொல்ல மாட்டேன், இது ஒரு வேலைக்கான வண்டி. 7,000 பவுண்டு கேம்பர இழுக்கணும், போட் இருக்கு, வாரா வாரம் கான்க்ரீட் மூட்டை ஏத்தறீங்கன்னா வேற வழியில்ல, சரியான ஆப்ஷன் போட்டா எஃப்-150 13,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும், மத்த மூணு சாய்ஸும் பக்கத்துல கூட வர முடியாது. ஆனா எத்தனை பேருக்கு அந்த வேலை இருக்கு? ஸ்ட்ரேட்டஜிக் விஷன்னு ஒரு ரிசர்ச் கம்பெனி ட்ரக் ஓனருங்களயே கேட்டதுல முக்கால்வாசி பேர் வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் குறைவாவோ தான் எதையாவது இழுக்கறாங்க, 35 சதவீதம் பேர் பெட்ல சாமான் ஏத்தறதே வருஷத்துக்கு ஒரு தடவைக்குள்ள தான். அந்த ஒரு தடவைக்காக மிச்ச நாள் பூரா பள்ளிக்கூட டிராப் ஆஃப் லைன்ல இத்தனை பிள்ளைங்களுக்கு நடுவுல இந்த மூக்க வச்சுக்கிட்டு ஊர்ந்து போறது எனக்கு சரியா படல. பார்க்கிங் வேற. பார்க்கிங் லாட்ல ஒரு ஸ்பாட் பொதுவா 18 அடி நீளம், அதாவது 216 இன்ச், நாலு கதவு எஃப்-150 231 இன்ச் பக்கம், அதனால மூக்கோ வாலோ ஒரு அடிக்கு மேல வெளில நீட்டிக்கிட்டு தான் நிக்கும், மூக்க நடைபாதை பக்கம் விட்டா ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்றவங்க ரோட்டுல இறங்கிப் போகணும். விலை 40,000 டாலர் பக்கம் ஆரம்பிச்சாலும் மனசு கேக்கற ட்ரிம் வந்தா 60,000 ஈஸியா ஆகும். வாஷிங்டன் டிசில 6,000 பவுண்டுக்கு மேல இருக்கற வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸே வருஷத்துக்கு 500 டாலர், மத்த ஊர்லயும் இது வரலாம்.

எலக்ட்ரிக் ட்ரக்னா பாவம் போயிடும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. புகை வராது, சரி. எஃப்-150 லைட்னிங் 6,000 பவுண்டுக்கு மேல, ஹம்மர் ஈவி 9,000-ஐ தாண்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல 7,000 பவுண்டுக்கு மேல எடை உள்ள ரிவியன் ட்ரக்க மணிக்கு 60 மைல் சுமாருக்கு ஓட்டி ஹைவே கார்ட்ரெயில்ல, அதான் ரோட்டோர இரும்புத் தடுப்புல, மோத விட்டுப் பாத்தாங்க, வண்டி கார்ட்ரெயில கிழிச்சிக்கிட்டு போயிடுச்சு, வேகம் கூட பெருசா குறையல. அந்த கார்ட்ரெயில் எல்லாம் இந்த எடைக்குக் கட்டினது இல்ல. அந்தப் பக்கம் எதிர்த்திசைல ஒருத்தர் வந்துட்டிருந்தா என்ன ஆகும்.

மிட்சைஸ். பேர்ல தான் மிட். இப்ப வர்ற டகோமா 213 இன்ச் நீளம், பார்க்கிங் ஸ்பாட்ல ஜஸ்ட் அடங்கும், 6,500 பவுண்டு வரைக்கும் இழுக்கும், சின்ன போட், பாப் அப் கேம்பர்க்கெல்லாம் தாராளம். ஆனா நம்ம கேள்விக்கு வந்தா இது பாதி பதில் தான், ஆஃப்ரோடு ட்ரிம்ல எல்லாம் இன்னும் தூக்கி வச்சு மூக்க சதுரமா ஆக்கி இருக்காங்க, முன்னாடி நின்னு பாத்தா ஃபுல் சைஸ்க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இழுக்கற வேலை நிஜமா இருக்கு, ஆனா ஃபுல் சைஸ் அளவுக்கு இல்லைன்னா இத பாக்கலாம், மத்தபடி இந்த இடத்துல நின்னுட வேணாம்.

மேவரிக் வகையறா தான் எனக்குப் புடிச்ச ட்ரக். 2021-ல வந்தப்ப 20,000 டாலருக்குள்ள ஆரம்ப விலைன்னு சொல்லி எல்லாரையும் வாயப் பொளக்க வச்சாங்க, இப்ப 28,000-க்கு மேல போயிடுச்சு, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு. 200 இன்ச் நீளம், கேம்ரிய விட அரை அடி மாதிரி தான் கூட. நாலரை அடி பெட், 1,500 பவுண்டு ஏத்தலாம், டோ பேக்கேஜ் போட்டா 4,000 பவுண்டு இழுக்கும், ஹைப்ரிட்ல சிட்டி மைலேஜ் கேலனுக்கு 40 மைல் பக்கம் வரும். மல்ச் மூட்டை, ஐக்கியா பெட்டி, சைக்கிள், பழைய சோஃபா, நம்ம வீட்டு வேலை எல்லாத்துக்கும் இது போதும், பெட்டும் தாழ்வா இருக்கறதால பக்கத்துல நின்னே கைய விட்டு எடுக்கலாம். மூக்கு சதுரம் தான், சரிவு இல்ல, அதனால அந்த 26 சதவீதக் கணக்குல இருந்து தப்பிச்சிடும்னு சொல்ல முடியாது. ஆனா ட்ரக் வேணும்னு முடிவாயிட்டா, இருக்கறதுல அடுத்தவனுக்கு ரொம்பக் குறைவா பயம் காட்டற ட்ரக் இது. சாண்டா க்ரூஸ் இன்னும் கார் மாதிரி ஓடும், பெட் இன்னும் கொஞ்சம் சின்னது.

மினிவேன் ப்ளஸ் வாடகை. ஸ்டைல் இல்லங்க, ஒத்துக்கறேன், மினிவேன்னு சொன்ன உடனே சிலர் முகத்துல ஏதோ ரிட்டையர்மென்ட் அறிவிச்ச மாதிரி ஒரு சோகம் வரும். ஆனா மூக்கு சரிவா கீழ இறங்குது, ஏழெட்டு பேர் போகலாம், குழந்தைங்க தானா ஏறி இறங்கும், ஸ்லைடிங் டோர்ங்கறதால பக்கத்து வண்டில இடிக்காது. சாமான் விஷயத்துல தான் பல பேருக்குத் தெரியாத சமாச்சாரம் இருக்கு. க்ரைஸ்லர் பசிஃபிகால ஸ்டோ அண்ட் கோ சீட்ட தரைக்குள்ள மடிச்சு விட்டா நாலுக்கு எட்டு அடி ப்ளைவுட் படுக்க வச்சு டோர மூடிட்டு மழைல கூட எடுத்துட்டு வரலாம். அஞ்சரை அடி பெட் இருக்கற அந்த 60,000 டாலர் ட்ரக்ல அதே ப்ளைவுட் ரெண்டரை அடி வெளில நீட்டிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டு தான் வரும். ஒடிஸில நடு சீட்ட கழட்டினா இதே வேலை நடக்கும், சீட் கனம், ரெண்டு பேர் வேணும். சியன்னா ஹைப்ரிட் 36 மைலேஜ் குடுக்குது, 3,500 பவுண்டு இழுக்கும், ஆனா 2021-க்கு அப்புறம் வந்ததுல நடு சீட் லேசுல கழட்ட வராது, ப்ளைவுட் ஆளுங்க இத தவிர்த்துடுங்க.

மண்ணு, கல்லு, பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி வேன்ல ஏத்த முடியாத ஐட்டத்துக்கு ஹோம் டிப்போ, யூ-ஹால்ல ட்ரக் 20 டாலர் சுத்தி ஆரம்பிக்குது, யூ-ஹால்ல மைலுக்குத் தனி. வருஷத்துக்கு பத்து தடவை எடுத்தாலும் அந்த ஃபுல் சைஸோட ஒரு மாச பேமென்ட்ட தாண்டறதே கஷ்டம். சனிக்கிழமை காலைல வண்டி கிடைக்காதுங்கற புகார் நியாயமானது, வெள்ளிக்கிழமை ராத்திரியே எடுத்துட்டு வந்துடுங்க, இல்லைன்னா டெலிவரிக்கு குடுத்துடுங்க.

அஞ்சாவது சாய்ஸ்னு ஜப்பான் கேய் ட்ரக்க சில பேர் இழுத்துட்டு வருவாங்க. 660 சிசி எஞ்சின், பதினோரு அடி சொச்சம் நீளம், அதுலயும் பெட் எஃப்-150-ஓட அந்த அஞ்சரை அடிய விட நீளம். பாக்க ஆசையா தான் இருக்கும். 25 வருஷம் பழசானா தான் இங்க இறக்க முடியும், ஏர்பேக் எதிர்பாக்க முடியாது, ஒரு ஸ்டேட்ல ரெஜிஸ்டர் பண்ணுவான், இன்னொரு ஸ்டேட்ல மாட்டான். பண்ணைக்குள்ள ஓட்ட ஓகே, பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஹைவேல வேணாம்.

"ஆட்டோமேட்டிக் பிரேக் இருக்கே, அது நிறுத்திடாதா"ன்னு கேப்பாங்க. ஓரளவுக்கு நிறுத்தும். பாதசாரிய கண்டுபிடிக்கற பிரேக் இருக்கற வண்டில பாதசாரி விபத்து 27 சதவீதம் குறையுதுன்னு ஐஐஹெச்எஸ் கணக்கு, ஆனா தெருவிளக்கு இல்லாத இருட்டுல வித்தியாசமே தெரியலன்னும் அதே கணக்குல இருக்கு, பாதசாரி சாவுல நாலுல மூணு பங்கு நடக்கறதே இருட்டுல தான். ஸ்டார் ரேட்டிங்க நம்பியும் பிரயோஜனம் இல்ல, டீலர் ஸ்டிக்கர்ல இருக்கற அஞ்சு ஸ்டாரும் உள்ள இருக்கறவங்களுக்கு. ஐரோப்பால கார மோத விட்டு சோதிக்கற யூரோ என்கேப் அமைப்பு 1997-ல இருந்தே வெளில இருக்கற பாதசாரிக்கு என்ன ஆகும்னும் சேத்துப் பாத்து மார்க் போடறாங்க.

ஆக என் வரிசை இது. கேம்பர், போட், கட்டட வேலைன்னு மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது இழுக்கற ஆளா, ஃபுல் சைஸோ மிட்சைஸோ வாங்குங்க, குற்ற உணர்ச்சி வேணாம், ஆனா லிஃப்ட் கிட் போட்டு மேல தூக்காதீங்க, முன் கேமராவோட 360 வியூ இருக்கற ட்ரிம் எடுங்க, பனி இல்லாத ஊர்னா டூ வீல் டிரைவே போதும், பொதுவா கொஞ்சம் தாழ்வாவும் நிக்கும். பிள்ளைங்க ரெண்டு மூணு, பெரியவங்க வந்து தங்குவாங்கன்னா கண்ண மூடிட்டு மினிவேன். தனி ஆள், இல்லைன்னா வீட்ல இன்னொரு பெரிய வண்டி ஏற்கனவே இருக்கு, கைல மண்ணு ஒட்டற ஹாபி ஏதாவது இருக்குன்னா மேவரிக்.

எதுவா இருந்தாலும் டீலர் கிட்ட போகும்போது பாக்கெட்ல ஒரு டேப் எடுத்துட்டு போங்க, ஹூட்டோட முன் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்க, ஒரே மாடல்ல ட்ரிம்முக்கு ட்ரிம் மாறும். அப்புறம் டிரைவர் சீட்ல நீங்களும் உக்காருங்க, வீட்ல யார் உசரம் கம்மியோ அவங்களயும் உக்கார வைங்க, 40 இன்ச் உசரத்துக்கு ஏதாவது ஒன்னு, ஒரு அட்டைப்பெட்டி மேல இன்னொரு அட்டைப்பெட்டி வச்சா கூடப் போதும், முன்னாடி நிக்க வச்சு எத்தனை அடி தள்ளிப் போனா அதோட உச்சி தெரிய ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டு மூணு மாடல்ல இத பண்ணிட்டு அப்புறம் விலை பேசுங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும், கமிஷன் அவருக்கு வண்டி வித்தா தான், நமக்கு அவசரம் ஒன்னும் இல்ல.